பளிச் அக்கா கடையில் வண்டு

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பளிச் அக்கா. முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள். மாவும் தானியமும் பயறும் விற்கிற கடை அவளுடையது. கையில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி இருக்கும். வந்தவர் மேஜைமேல் கை வைத்துப் பேசிவிட்டு எடுத்தால், அவர் கண்ணெதிரிலேயே அந்த இடத்தைத் துடைத்துவிடுவாள்.

"நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன் அக்கா," என்பார் எதிர்க்கடை இஸ்திரிக்காரர்.

"தெரியுது, சோப்பு வாசனை தூக்குது. கையை எடுங்க."

நாளடைவில் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றது. சின்னப் பிள்ளைகளை அனுப்பும்போது, "பளிச் அக்கா கடையிலயே வாங்கு, வேற எங்கயும் போகாதே" என்று தாய்மார்கள் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டு அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவளுக்குப் பெருமை என்று இருந்தது இரண்டே விஷயம். ஒன்று கடை. இன்னொன்று தம்பி.

அம்மா போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அப்பா வேலைக்குப் போய் வந்து சுருண்டு படுப்பவர், நல்லவர், ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதே அவருக்கு அவ்வப்போதுதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவள்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் பிஸ்கட் ஃபேக்டரியில் பாக்கெட் ஒட்டுகிற பிரிவில் சேர்ந்தாள். அங்கேதான் அவள் மனதில் வண்டு புகுந்தது.

பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த பெண் ஒட்டிய பாக்கெட் ஒன்றில், எங்கோ யாரோ வாங்கிப் பிரித்தபோது, ஒரு வண்டு இருந்ததாம். செத்த வண்டுகூட இல்லை, நடந்ததாம். அந்தப் பெண்ணை எல்லோர் எதிரிலும் எழுப்பி நிறுத்தி, தலையில் கட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றச் சொல்லி, அப்படியே வாசல் வரை நடத்திக்கொண்டு போனார்கள். அவள் ஏதோ தானே வண்டைப் பெற்றுப் போட்ட மாதிரி. போகும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பளிச் அக்கா அதை மறக்கவே இல்லை. ஃபேக்டரியை மூடிய பிறகும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, இருவருமாக இந்தக் கடையைப் பிடித்த பிறகும், அந்தக் குனிந்த தலை அவள் கண்ணிலேயே நின்றது.

குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் அழுது தீர்த்துவிட்டு, பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள். தம்பிதான் இருக்கிறானே. அவனைப் படிக்க வைத்தார்கள். அது ஏறவில்லை. ஊருக்கு வெளியே பெரிய தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். மலை மாதிரி அடுக்கிய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மாத்திரை வைத்து, அதிலிருந்து கிளம்பும் புகையில் பூச்சிகளைக் கொல்கிற குழுவில் ஒருவன். "புகைன்னா கண்ணுக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சாத்தான் தேவலையே," என்று அவன் ஒருமுறை சொன்னான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. வழக்கமாகச் சரக்குப் போடுகிறவர் லாரி வராமல் கை விரித்துவிட, புதிதாக ஒருவரிடம் கோதுமையும் பயறும் வாங்கினாள். மூட்டை கொஞ்சம் ஈரம் குடித்திருந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாம். கடையில் சரக்கில்லை, வாசலில் ஆள் நிற்கிறார்கள், இறக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் வண்டை அவள் பார்த்தது ஒரு டீச்சருக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தபோது. தராசுத் தட்டின் விளிம்பில், எள்ளை விடச் சற்றுப் பெரிதாக, செம்பழுப்பு நிறத்தில் ஒன்று ஊர்ந்தது. டீச்சர் பையில் சாவி தேடிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஒரே அழுத்து. பிறகு அதே ஈரத்துணியால் துடைத்தாள். சிரித்துக்கொண்டே மாவைக் கட்டிக் கொடுத்தாள். டீச்சர் படியிறங்கியதும் தராசுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டி மறுபடி துடைத்தாள்.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாள். பயறில் குண்டூசித் துளைகள். சில பயறுகளின் மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருந்தது. கோதுமையைக் கையில் அள்ளினால் பதர் மாதிரி லேசாக இருந்தது, உள்ளே தின்று தீர்த்துவிட்டுத் தோலை மட்டும் விட்டிருந்தன. மாவில் சிவப்பு வண்டு.

வேன்காரர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கொட்டிடும்மா," என்றார். கொட்டினார்கள். அலமாரியைக் கழுவி, ஜாடிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, புதுச் சரக்கு வாங்கி வைத்தாள். பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒரு காலை, கழுவிக் கவிழ்த்த ஜாடியின் மூடிமேல் ஒன்று சாவகாசமாக உலாத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது முறையும் கொட்டினாள். இரண்டாவது முறையும் வந்தன. எங்கிருந்து வருகின்றன என்பதுதான் பிடிபடவில்லை. மூட்டைக்குள் இருந்தால் மூட்டையைத் தூக்கி எறியலாம். இவை கடைக்குள்ளேயே எங்கோ குடித்தனம் நடத்தின.

அவள் முகம் மாறிப்போனது. விடிந்ததும் முதல் ஆளாகக் கடைக்குப் போய்ச் சல்லடையில் சலிப்பாள். வாடிக்கையாளர் எதிரில் பேசிக்கொண்டே கண்ணை மட்டும் மாவில் ஓட்டுவாள். யாராவது பொட்டலத்தை உற்றுப் பார்த்தால் சட்டென்று வேறு பேச்சை எடுப்பாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கடுகைப் பார்த்தாலும் கரண்டியால் நகர்த்தி, நகர்கிறதா என்று பார்ப்பாள்.

"கடுகும்மா அது. அதுக்குக் கால் கிடையாது," என்றார் வேன்காரர்.

அவள் சிரிக்கவில்லை.

எவ்வளவு மூடி மறைத்தாலும் ஒருநாள் வெடித்தது. யாரோ வீட்டில், வெள்ளைத் தட்டில் கொட்டிய மாவின் நடுவே ஒரு வண்டு கோடு போட்டுக்கொண்டு நடப்பதை வீடியோ எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கூடவே ஒரு வரி: "பளிச் அக்கா கடை ஸ்பெஷல்." கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. அவள் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதே போட்டவருக்கு ஞாபகமில்லை போல.

அதற்குப் பிறகு கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பழக்கம் விடாமல் வந்தவர்களும் பாக்கெட் போட்டு வருகிற உப்பு, தீப்பெட்டி என்று வாங்கிக்கொண்டு போனார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் வழக்கம்போல மேஜைமேல் கை வைத்துப் பேசினார். அவள் துடைக்கவில்லை. அவருக்கே அது சங்கடமாகிவிட்டது, தானே கையை எடுத்துக்கொண்டார்.

தம்பி வந்தது அப்போதுதான். அக்கா இளைத்திருப்பதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டான். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு வீடியோவைக் காட்டினாள். காட்டும்போது அழுகை வந்துவிட்டது. அவன் பார்த்து அவள் அழுதது அரிது.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். "கிடங்குலேர்ந்து மாத்திரை எடுத்துட்டு வரேன். கடையை மூடி ஒட்டிட்டு ரெண்டு மூணு நாள் விட்டா, ஒண்ணு மிஞ்சாது."

"எடுத்துட்டு வரலாமாடா?"

"வரக்கூடாதுதான். உனக்காகச் செய்ய மாட்டேனா?"

ஒரு சனிக்கிழமை மதியம் வந்தான். பையில் துணி சுற்றிய அலுமினிய டப்பா. ஷட்டரின் இடுக்கு, ஜன்னல், காற்றுப் போகிற ஓட்டை எல்லாவற்றையும் அகலமான டேப்பால் ஒட்டினார்கள். வேலையில் அவன் கெட்டிக்காரன், கைகள் பழகிய வேகத்தில் ஓடின. பின்பக்கச் சரக்கறைக்குள் வந்ததும் நின்றான். சுவரை ஒட்டி உத்தரம் வரை அலமாரி.

"இதுக்கு அந்தாண்ட யார் இருக்கா?"

"தையல்காரியும் அவ வீட்டுக்காரரும்."

"நடுவுல?"

"சுவர்."

"கெட்டிச் சுவர்தானே?"

"கெட்டிச் சுவர்தான்டா. பழைய கட்டடம், உடைச்சாலும் உடையாது."

பொய் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அலமாரிதான். முன்னொரு காலத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வீடாக இருந்ததும், அலமாரிக்குப் பின்னால் ஒரு வாசல் இருந்ததும், அதைக் கட்டடத்துச் சொந்தக்காரர் வெறும் பலகை அடித்து மூடியதும் அவளுக்குத் தெரியும். கடை பிடித்த வாரத்தில் அவளே பார்த்ததுதான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. எதுக்கும் வேற எங்கயாவது இருந்துக்கட்டும்," என்றான் தம்பி. உடனே அவனே, "எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவள் போனாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி அவர்கள் பின்வாசலுக்குப் போய் நின்றாள். தையல்காரி தன் முன்னறையில் மிஷினை மிதித்துக்கொண்டே, துணி கொடுக்க வந்த இரண்டு பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஆனால் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள், அவள் காதில் விழுந்தது எல்லார் காதிலும் விழும். வண்டுக்கு விஷம் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதாம் என்று இந்த இரண்டு பெண்களும் இப்போதே கொண்டுபோவார்கள்.

"என்ன அக்கா, வாங்க," என்றாள் தையல்காரி.

"ஒண்ணுமில்லம்மா. எனக்கு உடம்பு முடியல. கடை ரெண்டு நாள் லீவு. யாராவது கேட்டா சொல்லிடு."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி வந்து தம்பியிடம் தலையை ஆட்டினாள். சொல்லிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். தட்டுகளில் மாத்திரையை வைத்துவிட்டு வெளியே வந்து கதவையும் ஒட்டினான்.

மறுநாள் காலை பத்துமணி வாக்கில் இஸ்திரிக்காரர் போன் செய்தார். தையல்காரிக்கு விடாத வாந்தியாம், தலைச்சுற்றலாம், அவள் வீட்டுக்காரர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாராம். "உங்க கடை மாவுல ஏதோ செஞ்சு சாப்பிட்டாளாம். அதுதான்னு பேசிக்கிறாங்க. நீங்க ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க, நல்லதுக்குச் சொல்றேன்."

வேன்காரரோடு கிளம்பினாள். வழியெல்லாம் அவள் மனதில் மாவுதான் ஓடியது. மாவில் கெடுதல் இருந்திருக்குமோ, வண்டு தின்ற மாவு வயிற்றைக் கெடுக்குமோ என்று. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நினைப்பு போகவே இல்லை.

தையல்காரி ட்ரிப்ஸ் ஏற்றிப் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்தாள், அவளோ கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாவுதான்னு டாக்டரம்மா சொல்றாங்க அக்கா. சாப்பாட்டுக் கோளாறாம். ஆனா சாயங்காலம் நல்லாத்தான் இருந்தேன். ராத்திரிதான் ஆரம்பிச்சது. ஒரே நாத்தம் வேற. மீன் அழுகின மாதிரி. கட்டில் பக்கத்துல அந்தப் பலகை இருக்கில்ல, அங்கேர்ந்துதான் வந்துச்சு. எலி செத்துக் கிடக்கும்னு நெனச்சு மூக்கைப் பொத்திட்டுப் படுத்துட்டேன்."

பலகை. அந்த ஒரு சொல்லில் பளிச் அக்காவுக்கு அலமாரியின் பின்பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. 

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"மாத்துத் துணி எடுத்துட்டு வர வீட்டுக்குப் போயிருக்கார். இப்ப வந்துடுவார்."

அவள் கணவர் வாட்ச்மேன். ராத்திரி முழுக்க ஒரு ஆபீஸ் கேட்டில் நின்றுவிட்டு விடிந்ததும் வருகிறவர். வாந்தி எடுத்துக் கிடந்த மனைவியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார்.

பளிச் அக்கா வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "நீ சொல்லலையா அவங்ககிட்ட?" என்றான். "அக்கா, நீ சொன்னேன்னுதானே நான் வெச்சேன்?"

அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சரி, கேளு," என்றான் தம்பி, குரலை அடக்கிக்கொண்டு. "அவ வெளிய வந்தாச்சு, பிழைச்சுக்குவா. அவரும் துணியை எடுத்துட்டு வந்துடுவார். ரெண்டு பேரையும் எதையாவது சொல்லி இங்கயே இருக்க வை. நான் வந்து டேப்பைப் பிரிச்சு எல்லாத்தையும் எடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலை மட்டும் போகாது அக்கா, உள்ள தள்ளிடுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆகி வருஷம்கூட ஆகல."

வேன்காரரும் அதையேதான் சொன்னார். "மாவுன்னே இருந்துட்டுப் போகட்டும்மா. கெட்ட மாவு வித்தாங்கன்னு ரெண்டு நாள் திட்டுவாங்க. திட்டட்டும்." சொல்லிவிட்டுப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்கவும் செய்தாள்.

வாட்ச்மேன் வாசலில் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் என்ன சொல்லி நிறுத்துவது என்று யோசித்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, நானே போய் வீட்டைக் கழுவிவிடுகிறேன் என்று சொல்லலாம். அது நல்ல யோசனையாகப் பட்டது. அவர் வரவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தாள், வரவில்லை. உள்ளே போய்த் தையல்காரியிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தாள். அடித்து அடித்து நின்றது.

"தூங்கியிருப்பார் அக்கா," என்றாள் தையல்காரி, கண்ணை மூடியபடி. "நான்தான் சொன்னேன், துணி எடுத்துட்டு அப்படியே ஒரு கோழித் தூக்கம் போட்டுட்டு வாங்கன்னு. படுத்தா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டார்."

பளிச் அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். வேன்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. நேராக டாக்டரம்மா மேஜைக்குப் போனாள். இரண்டு பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள், அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"மாவு இல்ல," என்றாள். "தானியத்துக்கு வைக்கிற விஷ மாத்திரை. நான் கடையில வெச்சேன். அது அவங்க வீட்டுக்குள்ள போயிருக்கு. அவ வீட்டுக்காரர் இன்னும் அந்த ரூம்ல தூங்கறார்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். எந்த மாத்திரை, டப்பா எப்படி இருந்தது, எப்போது வைத்தது என்று வரிசையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே நர்ஸிடம் தையல்காரிக்கு ஆக்சிஜன் வைக்கச் சொன்னார், இன்னொரு கையால் தீயணைப்புக்குப் போன் சுழற்றினார். "யார் குடுத்தது உங்களுக்கு?" என்று கேட்டபோது,

"என் தம்பி," என்றாள்.

வேன்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவளும் ஓடினாள்.

தீயணைப்பு வண்டிக்கு முன்னால் இவர்கள் வேன் போய்ச் சேர்ந்தது. பின்வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. இஸ்திரிக்காரர் ஓடி வந்தார், வேன்காரரும் அவருமாகத் தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார்கள். அந்த நாற்றம் வாசல் வரை வந்து முகத்தில் அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இருவரும் உள்ளே பாய்ந்தார்கள். வாட்ச்மேன் யூனிஃபார்ம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். மடித்த துணிப்பை கையோரம் இருந்தது. காலையும் கையையும் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டிய அளவுக்கு.

பிறகு தெரு முழுக்கச் சத்தம். முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஆட்களை வெளியேற்றினார்கள். வீடியோ எடுத்தவர்களும் இருந்தார்கள். பளிச் அக்கா நடுத்தெருவில் நின்றாள்.  யாரோ, "இவங்கதான்" என்று காட்டினார்கள். அவள் அந்தக் குனிந்த தலைப் பெண்ணை நினைத்தாள். குனியக்கூடாது என்று தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை. நிமிர்ந்தே நின்றாள். அதையும் திமிர் என்று பேசினார்கள்.

தையல்காரி சில நாளில் தேறி எழுந்தாள். வாட்ச்மேன் பிழைப்பாரா என்று அந்த வாரம் முழுக்க யாராலும் சொல்ல முடியவில்லை. இருதயம் அடித்தது, தடுமாறியது, மறுபடி அடித்தது. கடைசியில் பிழைத்தார். ஆனால் முழு ஆளாகத் திரும்பவில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. ராத்திரி வேலை முடியாது என்று ஆகிவிட்டது. மனைவி தைக்கிற சட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் வைத்துக்கொடுத்தார்.

கடைக்குச் சீல் வைத்தார்கள். சரக்கை எடுத்துப் புதைக்க வந்த நகராட்சி ஆட்கள், சரக்கறையில் மூட்டை அடுக்கப் போட்டிருந்த தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது அடியில் வருஷக்கணக்காகச் சிந்திச் சிந்திச் சேர்ந்த மாவு, கட்டி கட்டியாக இருந்தது. மேலே அத்தனை துடைத்தவளுக்கு அடியில் அது இருப்பது தெரியவில்லை. அதற்குள் வண்டுகள் இருந்தன. சில உயிரோடு. புகையில் பெரும்பகுதி அலமாரிக்குப் பின்னால் அடித்த பலகையின் சந்து வழியாக மறுபக்கம் போய்விட்டதாம். அதைக் கேட்டுவிட்டு வந்து வேன்காரர் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள், மறுபடி திறந்தாள்.

தம்பிக்கு வேலை போயிற்று. போலீஸ் கூட்டிப்போனது, பிறகு ஜாமீனில் வெளியே வந்தான். ஒரே ஒருமுறை அக்கா வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மாத்திரையைப் பத்திச் சொன்ன, சரி. ஒரு உயிர். நானா இருந்தாலும் சொல்லிருப்பேன்," என்றான். "என் பேரை ஏன் சொன்ன? சந்தையில யாரோ வித்தாங்கன்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?"

அவள் அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 

"ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைக்க அப்ப எனக்குத் தெரியலடா," என்றாள்.

"அதுக்கு முந்தின நாள் தெரிஞ்சுதே," என்றான் தம்பி. "என்கிட்ட தலையை ஆட்டினப்ப."

அவன் போன பிறகு வெகுநேரம் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் அவளைக் குத்தியது. அவன் பிறகு மனைவியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மாமாவுக்கு மட்டும் எப்போதாவது போன் செய்வான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டான். "சரி மாமா, எல்லாரையும் பார்த்துக்குங்க" என்று முடிப்பான். அந்த எல்லாரில் தானும் உண்டா என்று அவள் கணவரிடம் கேட்டதில்லை.

கடை இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு சலவைக் கூடத்தில், ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்து அடுக்குகிற வேலையில் சேர்ந்தாள். தானியம் புழங்குகிற இடம் எதுவும் வேண்டாம் என்று அவளே சொல்லித் தேடிக்கொண்டது அது. வீட்டிலும் அரிசியை அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் வாங்கினாள். பழைய தெரு வழியாக வேன் போகவேண்டி வந்தால் சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அவள்மேலும் தம்பிமேலும் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் அவள் செய்ததைச் செய்தேன் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டிய முறை வந்தது. சொன்னாள். தையல்காரியும் சாட்சி சொன்னாள், சாப்பிட்டது, நாற்றம், பலகை எல்லாம். தீர்ப்புக்கு வேறு தேதி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தண்டனை எப்படியும் உண்டு, எவ்வளவு என்பதுதான் மிச்சம் என்றார் வக்கீல்.

வெளியே மாடி வராந்தா பெஞ்சில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. தையல்காரி எழுந்து பளிச் அக்காவிடம் வந்தாள். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்த பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து, அவர் எங்கன்னு கேட்டீங்கல்ல. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பக்கத்தில் நின்ற வேன்காரர் இருமினார். வக்கீல் யாரிடமும் எதுவும் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"தெரியும்," என்றாள் பளிச் அக்கா.

"அப்புறம் எவ்ளோ நேரம்?"

"டீ குடிச்சேன். அவர் வந்துடுவார்னு வாசலைப் பார்த்துட்டே இருந்தேன். அரை மணிக்கு மேலயே இருக்கும்."

தையல்காரியின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கைப்பையின் வாரை ஒரு விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அடிப்பாளோ என்று தோன்றியது. அடித்தால் தேவலை என்றும் தோன்றியது. பெஞ்சிலிருந்து வாட்ச்மேன் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டிருக்கும்.

"போலாமா?" என்றார் அவர் மனைவியிடம். "மூச்சு கொஞ்சம் தேவலை இப்ப."

லிஃப்ட் ஓடவில்லை. ஏறும்போது அவரை யாரோ இரண்டு வாலிபர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள், இப்போது அவர்களைக் காணோம். வேன்காரர் வண்டியை வாசலுக்குக் கொண்டு வருவதாகக் கீழே இறங்கிப் போய்விட்டார். தையல்காரி கணவரின் ஒரு கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு எழுப்பினாள். ஒரு படி இறங்கியதும் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். தையல்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

பளிச் அக்கா போய்ப் பிடித்தாள். அவர் கை அவள் தோளில் விழுந்தது, எதிர்பார்த்ததை விட லேசாக இருந்தது. ஒரு படி இறங்கி நின்றார்கள். அவருக்கு மூச்சு திரும்புகிற வரை காத்திருந்தார்கள். பிறகு அடுத்த படி.